நெஞ்சு வலியாக மாறிய குளவிக்கடி

ஹுன்னஸ்கிரியவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில், என் கழுத்தில் குளவி கொட்டிவிட்டது. நாக்கு தடித்துத் தொண்டை இறுகியது. கூட வந்த நண்பன் செல்வம் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் பறந்தான். மரண அறிவித்தலில் எந்தப் படத்தைப் போடுவார்கள் என்று வழியெல்லாம் எனக்குக் கவலை. வீட்டில் இருப்பதெல்லாம் நான் பல்லை இளிக்கும் படங்கள்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நல்ல கூட்டம். செல்வத்துக்குச் சிங்களம் தண்ணீர் பட்டபாடு. "நீ பேசாத மச்சான், நான் பாத்துக்கிறேன்" என்றவன், தாதியிடம் நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டான். அப்படிச் சொன்னால்தான் உடனே பார்ப்பார்களாம்!

உடனேதான் பார்த்தார்கள், இதயத்தை. நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். எனக்கோ பேச்சே வரவில்லை. "பயந்துட்டான் டொக்டர்" என்று சிரித்தான் படுபாவி. மூச்சு அடைக்க, கழுத்தை விரலால் குத்திக் குத்திக் காட்டினேன். குனிந்து பார்த்த டொக்டர், சட்டென்று தொடையில் ஊசி போட்டார்.

"குளவின்னு சொல்லியிருந்தா வந்தவுடனேயே இதைப் போட்டிருப்போமே" என்றார், எனக்கு மூச்சு திரும்பிய பிறகு.

செல்வமோ, தான் இல்லாவிட்டால் நான் இன்னும் வரிசையில்தான் என்று எங்கள் ஊர் கம்பளை முழுக்கப் பெருமையடிக்கிறான்.

இப்போதெல்லாம் என் நோயை நானே சொல்கிறேன். துணைக்குப் போனாலும் நோயாளியையே பேச விடுகிறேன். அண்மையில் செல்வத்துக்கு வயிற்று வலி. "நீங்களே சொல்லுங்க தலைவரே" என்றேன். வயிற்று வலி என்று உள்ளதை உள்ளபடியே சொன்னான். தன் உயிர் என்றதும் பொய் வரவில்லை, பாருங்கள்!