ஜங்லிகாட் வேகம்

ஊசி போடுமுன் நர்ஸ் கையில் தேய்த்த ஸ்பிரிட்டின் வாசனை, எங்கள் தீவின் ஜங்லிகாட் தெருவில் இருந்த, இப்போது செல்போன் கடையாகிவிட்ட அப்பாவின் டேப்ரிக்கார்டர் ரிப்பேர் கடைக்கே என்னைக் கூட்டிப்போனது. டிசம்பர் பிறந்தால் அப்பா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப்ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைத்து, கப்பல்காரர் ஒருவர் தந்துபோன கேசட்டைச் செருகி, அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் உருகி உருகிப் பாடிய கிறிஸ்துமஸ் சோல் பாட்டைத் தெருவுக்கே போடுவார். சாமி படத்து ஊதுபத்திப் புகையோடு அந்தக் கனத்த குரலும் வெளியே வர, ஸ்கூட்டர்கள் நிற்கும், ராஞ்சியிலிருந்து தீவுக்குப் பிழைக்க வந்தவர்களின் சர்ச் பாடகர்கள் வாசலில் நின்று, "பையா, ஏக் பார் அவுர்" என்று மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பாட்டைப் பாடம் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் அந்தப் பாட்டைப் போனில் தேடிப் போட்டாள். குரல் மெலிந்து, பாட்டு ஓட்டமாக ஓடியது. அப்பாவின் டேப்ரிக்கார்டரில் பெல்ட் தளர்ந்து, பாட்டு மெதுவாக, குரல் கனத்து ஓடியிருக்கிறது. தெருவே அதைத்தான் பாட்டு என்று நம்பியிருக்கிறோம்.

"இதாம்ப்பா ஒரிஜினல்."

"இந்தாளுக்கு என்ன அவசரம், கப்பலா கெளம்பிடும்?" என்றேன்.

அந்தப் பாடகர்களின் பிள்ளைகள் இன்றும் சர்ச்சில் அதை அப்பாவின் வேகத்தில்தான் பாடுகிறார்கள்.