நீலப் பையில் வந்த முள்ளுக்கொண்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மூட்டைகளின் மேல் மையால் நம்பர் போடுவதைத் தவிர எழுதும் வேலை எனக்கு வந்ததில்லை. கையெழுத்து கோணலாக இருக்கும். சின்ன ரவும் பெரிய றவும் இடம் மாறியிருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

தினமும் நான் மத்தியானச் சோறு கொண்டுபோகும் நீலக் கட்டைப்பையைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுத வேண்டும் என்று தோன்றும். அதன் பிடி இரண்டும் வெளுத்துவிட்டன. அடியில் என் மனைவி வேறு துணி வைத்துத் தைத்திருக்கிறாள். ஏலக்காய்க் கிட்டங்கியில் என்னோடு மூட்டை அடுக்குகிறவர்கள், "இதை மியூசியத்துக்குக் குடுத்துருண்ணே" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிரிப்பேன். அது என் மாமியார் மலையிலிருந்து கொண்டுவந்த பை.

அவர் ஏலத்தோட்டத்தில் நாற்று வளர்க்கும் வேலையிலேயே ஆயுசைக் கழித்தவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த வருஷம், ஒரே மகளான என் மனைவி அவரைப் போடிக்கு அழைத்து வந்துவிட்டாள். தை மாதத்தில் ஒருநாள் ஜீப்பிலிருந்து இறங்கினார். பையில் சேலைகளுக்கு மேலே ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு வேர்க்கட்டை இருந்தது. எஸ்டேட் பங்களாவில் வேண்டாமென்று பிடுங்கிப் போட்ட பூச்செடியாம். அதை எடுத்து, தான் குடியிருந்த தொழிலாளர் லயத்து வாசலில் வளர்த்திருந்தார். பாதி மடக்கிய குடைபோல ரோஸ் நிற இதழ்கள் கீழே சரிந்திருக்கும், நடுவில் செம்பு நிறத்தில் முள்முள்ளாக ஒரு கொண்டை நிமிர்ந்து நிற்கும். அதனால் அவர் வைத்த பெயர் முள்ளுக்கொண்டை. நர்சரிக்காரர்கள் அதைக் கோன்பிளவர் என்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடுகளில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. நானோ, பஸ்சில் டிக்கெட் கேட்பதற்கே இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறவன். நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் அவர் கதவுக்குப் பின்னால் போய் நின்று, "ஏத்தா, ஒன் வீட்டுக்காரரு வெயில்ல வந்திருக்காரு, மோரு குடு" என்பார். நான் மோரைக் குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்குன்னு சொல்லு" என்பேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட்டு ஆபீசா?" என்று மனைவி சலித்துக்கொள்வாள்.

ஆனால் அந்தப் பை துணிக்கொடியில் அப்படியே தொங்கியது. சேலையை உடுத்துவார், துவைப்பார், மடித்து மறுபடியும் பைக்குள்ளேயே வைப்பார். மனைவி பீரோவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தும் பையைக் காலி செய்யவில்லை. "இந்த மண்ணு அதுக்கு ஒத்துக்குதான்னு பாப்போம். செடி பட்டுப்போச்சுன்னா நானும் மலைக்கே ஏறிருவேன். அங்கன ஒன் சின்னம்மா வீட்டுல ஒரு மூலை கெடக்கு" என்றார். மனைவி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் அவர் போவதில் விருப்பமில்லை. அவர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

துவைகல்லுக்குப் பக்கத்தில் செடியை நட்டிருந்தார். மேலே பச்சை வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றினார். ஏல நாற்றை அப்படித்தான் காப்பாற்றுவார்கள். ஆனால் இது நாளுக்கு நாள் நோஞ்சானாகிக்கொண்டே வந்தது. இலைகளில் மாவு தூவியதுபோல வெள்ளை படர்ந்தது. வலையின் ஓட்டை வழியாக ஒரே ஒரு தண்டு மட்டும் வெயிலுக்குள் தலையை நீட்டியிருந்தது. அந்தத் தண்டு மட்டும் கரும்பச்சையாகத் தடித்திருந்தது. செடி கேட்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் புரியவில்லை. மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். "ஏலம் வளத்த கைக்குத் தெரியாததா?" என்று பதில் வந்தது.

ஒரு காலை, மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவர் துவைகல்லருகே வாளியோடு நின்றார். கொல்லைப்பக்கம் போன நான், திரும்பி வந்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஏ செடி, நீ ஏலம் இல்லையே. நெழல்ல எதுக்கு நிக்கிற? ஒனக்கு வெயிலுதான வேணும்."

பின்னால் வாளி தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"இத்தனை நாளா வாயத் தொறக்காத செடி" என்றார் அவர், செடியிடம்தான். "இன்னைக்கு யாரு வாயைக் கடன் வாங்கிப் பேசுது?"

"கெடைச்ச வாயில பேசுது."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்துபோய் மதிலில் ஏறியது. "சரி. கருகுச்சுன்னா, ஒனக்காகப் பேசுன வக்கீலைத்தான் கேப்பேன்" என்று செடியிடம் சொல்லி, அவரே வலையின் முடிச்சுகளை அவிழ்த்தார்.

முதல் நாட்களில் இலை துவண்டு எங்களைப் பயமுறுத்தியது. மத்தியானம் நான் சைக்கிளை மிதித்து வந்து எட்டிப் பார்ப்பேன். மாமியார் தனக்குக் குடை பிடித்துக்கொண்டு, செடியை வெயிலில் விட்டுவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பார். குடை தன்னையறியாமல் செடிப்பக்கம் சாயும்போதெல்லாம் நிமிர்த்திக்கொள்வார். பிறகு அடியில் புதுத் தளிர் வந்தது, மொட்டு வந்தது. வைகாசியில் முதல் கொண்டை நிமிர்ந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியை மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது என் தூக்குவாளி அந்த நீலப் பைக்குள் இருந்தது. சேலைகள் பீரோவுக்குள் போயிருந்தன. கொல்லையிலிருந்து குரல் மட்டும் வந்தது: "ஏ செடி, சோத்தை மறந்துட்டுப் போயிறாம எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அதன் பிறகு அவர் எங்களோடு பல வருஷம் இருந்தார். கடைசிவரை நாங்கள் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசாத நாளும் இல்லை. எல்லாவற்றையும் முள்ளுக்கொண்டைதான் கேட்டுக்கொண்டது. போன வருஷம் அவர் காலமானார். தண்டெல்லாம் காய்ந்து கிடந்த செடி, கோடைமழைக்கு வேரிலிருந்து மறுபடியும் தழைத்து, இப்போது ஆடிக் காற்றில் தலையாட்டிக்கொண்டு நிற்கிறது.

இன்று காலை மனைவி அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ஏ செடி, பேனா வாங்கி எம்புட்டு நாளாச்சுன்னு ஒன் வக்கீலைக் கேளு" என்றாள். "இன்னைக்கே எழுதிர்றாராம்" என்று செடியிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கிட்டங்கிக்கு லீவு. நீலப் பை கொடியில் காலியாகத் தொங்குகிறது.

ஆடி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.