ரப்பர் வளையமும் ஃபேமிலி டேயும்

என் கணவர் வேலை செய்த கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ஃபேமிலி டே' வைப்பார்கள். தொழிலாளிகளின் மனைவி, பிள்ளைகளை பஸ் அனுப்பிக் கூட்டிப்போய், தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு, கையில் ஒரு பரிசுப் பையும் கொடுத்து அனுப்புவார்கள். அதற்கு முன்கூட்டியே ஒரு ஃபாரம் வரும். அந்த வருஷம் வந்த ஃபாரத்தை அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளித் தரையில், மடியில் பழைய வேட்டியை விரித்து, ரப்பர் வளையங்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவியின் தொழில் என்று கேட்டிருந்த இடத்தில் 'ஹவுஸ் வைஃப்' என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "உன் பொறந்த தேதி இன்னா?" என்று கேட்டார்.

நான் தேதியைச் சொன்னேன். என் கையில் கத்தரி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அது படவே இல்லை.

நாங்கள் அப்போது சேரப்பணஞ்சேரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஆறு வீடு, பின்னால் பொதுக் குழாய். பெண் நான்காவது படித்தாள், பையன் ஒன்றாவது. சுற்றிலும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். பெரிய கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுக்க ஒரு சின்ன கம்பெனி, அந்தச் சின்ன கம்பெனிக்குச் சில்லறை வேலை முடித்துக் கொடுக்க ஒரு கான்ட்ராக்டர், அந்தக் கான்ட்ராக்டருக்கு எங்களைப் போல வீட்டிலிருக்கும் பெண்கள். அச்சிலிருந்து வரும் ரப்பர் வளையத்தின் ஓரத்தில் மெல்லிய தோல் மாதிரி பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வளைந்த சின்னக் கத்தரியால் சுற்றி வெட்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் விட்டால் பிசிறு நிற்கும், கொஞ்சம் அழுத்தினால் வளையத்தில் கீறல் விழும். இரண்டுமே ரிஜெக்ட். மூட்டையைக் கான்ட்ராக்டர் மொபெட்டில் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, எப்போது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். எப்போது முடியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் திட்டம் போட்டுத்தான் அந்த வீட்டை ஓட்டினேன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கட்டம் போட்டு, சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தேன். அவருக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்குள் டப்பா கட்டியாக வேண்டும். மதிய ஷிப்ட் என்றால் பதினோரு மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு. நைட் ஷிப்ட் வாரம்தான் கொடுமை. அவர் பகலெல்லாம் தூங்குவார், குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது, அதனால் அந்த வாரம் பருப்பை விடியற்காலையிலேயே வேகவைத்து எடுத்துவிடுவேன். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை, படப்பை சந்தை, எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தால் யாரை யார் பார்ப்பது என்பதுகூட இருந்தது. பார்ப்பது நான்தான், ஆனாலும் எழுதி வைத்திருந்தேன்.

அதில் இல்லாதது என் வேலை மட்டும்தான். இப்போது நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது. தினம் ஆறு மணி நேரம் கத்தரி பிடித்தவள், அந்த ஆறு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போடவில்லை. மற்றவர்களுடைய வேலைகளுக்கு நடுவில் கிடைத்த சந்துகளில் அதைச் செருகி வைத்திருந்தேன்.

நானே கட்டம் போடாதபோது தெரு எப்படி மதிக்கும்? எதிர்வீட்டு அக்கா படப்பையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். போகும்போது சாவியை என் மடியில் போடுவார். "கேஸு வரும், வாங்கி வெச்சுடு. எம்பொண்ணு வந்தா சோத்தப் போட்டுக் குடு. நீ வூட்லதானே குந்திகினு கீறே!" இதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் சொன்னால் சண்டையாவது போடலாம். அவர் கடையில் நின்றுகொண்டு வேலை செய்தார், நான் தரையில் குந்தி வேலை செய்தேன். வித்தியாசம் அவ்வளவுதான். அதற்காக அவருடைய சிலிண்டரும் என் தலையில், போஸ்ட்மேனும் என் தலையில், பக்கத்து மாடி வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் சுவிட்சும் என் தலையில்.

ஃபேமிலி டே அன்று நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். போக வேண்டாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் பிள்ளைகள் ஒரு மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஷாமியானா போட்டிருந்தார்கள். மேடையில் ஒரு அதிகாரி பேசினார். "நீங்க வீட்ல இருந்து குடும்பத்தைப் பார்த்துக்கறதாலதான் உங்க வீட்டுக்காரர் இங்க டென்ஷன் இல்லாம வேலை செய்யறாரு. அதனால இந்தக் கம்பெனி வெற்றியில உங்களுக்கும் பங்கு இருக்கு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் கணவரும் தட்டினார். நானும் இரண்டு தட்டு தட்டினேன். விரலில் கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய இடத்தில் வலித்தது.

பிறகு இருபது இருபது பேராகப் பிரித்து உள்ளே கூட்டிப்போனார்கள். எங்கள் கூட்டத்துக்கு வழிகாட்டி ஒரு இளம் ஆஃபீசர். அன்றைக்கு லீவு நாள் என்றாலும், காட்டுவதற்காக ஒரு லைனை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நீல கோட்டு போட்ட பெண்கள் வரிசையாக நின்று எதையோ பொருத்திக்கொண்டிருந்தார்கள். நான் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். லைனின் நடுவில் ஒரு மேசை. மேசை மேல் மஞ்சள் டிரே. டிரே நிறைய கறுப்பு வளையங்கள்.

நான் நின்றுவிட்டேன். பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் தெரிகிற மாதிரிதான் தெரிந்தது. அதே கனம், உள்பக்கம் அதே சின்னப் பள்ளம். முந்தின வாரம் முழுக்க என் மடியில் கிடந்த சைஸ்.

"அம்மா, இது நம்ம வூட்ல கீறதுதானே?" என்று பெண்ணும் கேட்டாள்.

நான் ஆஃபீசரிடம், "சார், இது நாங்க வெட்டறது" என்றேன்.

அவர் சிரித்தார். "இல்ல மேடம். இது வெளியில வெண்டர் கம்பெனிகிட்டேர்ந்து வருது. எல்லாமே மெஷின் ஃபினிஷிங். கை படாம பேக் ஆகி வரும்."

"கை படாமயா?"

"ஆமா மேடம். குவாலிட்டி விஷயம். வீட்ல எல்லாம் பண்ண முடியாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் கணவர் என் முழங்கையை மெல்லத் தொட்டு, "வா, போலாம்" என்றார். அந்தத் தொடுகைதான் என்னைக் கிளப்பிவிட்டது என்று நினைக்கிறேன். நான் டிரேயிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தேன். எடுக்கக் கூடாதுதான். வெளிச்சத்தில் திருப்பினேன். ஓரத்தில் கால் விரற்கடை அளவுக்குப் பிசிறு நின்றிருந்தது. கட்டைவிரல் நகத்தால் அதை நெம்பி, ஒரே இழுப்பில் உரித்து ஆஃபீசரின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது எந்த மெஷின் விட்டுது சார்? இத வெட்டுனவங்க வூட்ல அன்னிக்குக் கரண்ட் இல்லாம இருந்திருக்கும். இல்லன்னா புள்ள அழுதிருக்கும். எங்க வூட்ல தினம் இதான் நடக்குது. என் வீட்டுக்காரர் கம்பெனியில மாட்டற வளையத்த நான் அங்க வெட்றேன். எனக்குக் கை இல்லன்னு சொல்லாதீங்க."

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. லைனில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரேக்குப் பக்கத்தில், வளையங்களைப் பொறுக்கிப் பார்த்து ரிஜெக்ட் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்தாள். இருபது வயது இருக்கும். பேச்சில் தெற்கத்திப் பெண் என்று தெரிந்தது.

"அக்கா சொல்றது நெசந்தான் சார்," என்றாள். "மெஷின்ல வந்தா எல்லாம் ஒரே மாதிரில்ல இருக்கணும்? மூட்டைக்கு மூட்டை வேற வேற கை. எனக்குத் தெரியும்லா. சில மூட்டையில ஒண்ணுகூட கழிக்கதுக்கு இருக்காது. சிலதுல பாதிக்குப் பாதி போயிரும்."

ஆஃபீசர் அவளிடம் வேலையைப் பார்க்கச் சொன்னார். எங்களை அடுத்த பகுதிக்கு நகரச் சொன்னார். அவ்வளவுதான். அந்தப் பிசிறு அவர் கையிலிருந்து எங்கே போனது என்று தெரியவில்லை. சாப்பாட்டில் பிரியாணியும் ஐஸ்கிரீமும் போட்டார்கள். பரிசுப் பையில் ஒரு ஹாட் பாக்ஸ் இருந்தது, கணவனுக்குச் சூடாகப் பரிமாற.

திரும்பி வரும்போது கம்பெனி பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படப்பை தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசணுமா? நாளைக்கு நான்தானே அங்க போய் நிக்கணும்?"

"ஃபாரத்துல நீங்க இன்னா எழுதுனீங்க?"

"எந்த ஃபாரம்?"

"என் வேலை இன்னான்னு கேட்ட எடத்துல."

அவருக்கு நினைவு வர நேரமாயிற்று. வந்ததும், "எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுவாங்க. அதுல இன்னா கீது?" என்றார். பையன் என் மடியில் தூங்கிப்போயிருந்தான்.

அவருக்குக் கம்பெனியில் ஒன்றும் ஆகவில்லை. வினை எனக்குத்தான் வந்தது. நான்கு நாள் கழித்துக் கான்ட்ராக்டர் வந்தார். மொபெட்டை விட்டு இறங்காமலேயே கத்தினார். "உன்ன யாரும்மா அங்க போயி வாயத் தொறக்கச் சொன்னது? வூட்ல குடுத்து வெட்றோம்னு தெரிஞ்சா ஆர்டரே போயிடும். என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!" பாதி வெட்டியிருந்த மூட்டையை அப்படியே தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கையால் வெட்டுவது குற்றமில்லையாம், கையால் வெட்டுகிறோம் என்று சொல்வதுதான் குற்றமாம். தெருவில் இன்னும் மூன்று பெண்கள் அவரிடம் வேலை வாங்கினார்கள். அவர்களும் கொஞ்ச நாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்னால் தங்களுக்கும் போய்விடுமோ என்ற பயம். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

வேலை இல்லாத அந்த மூன்று வாரத்தில்தான் வீட்டில் ஒரு விஷயம் தெரிந்தது. என் வேலை நின்றும் எனக்கு நேரம் கொஞ்சமும் மிச்சமாகவில்லை. அந்த ஆறு மணி நேரத்தையும் சாவியும் சிலிண்டரும் மோட்டார் சுவிட்சுமே தின்றுவிட்டன. கடைக்கு லீவான ஒரு மத்தியானம் எதிர்வீட்டு அக்கா, "இப்போ சும்மாதானே கீறே, எனக்கு ரெண்டு கிலோ மொளகா காய வெச்சுக் குடேன்" என்றபோது நான் உள்ளே போய்க் கதவிலிருந்த தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் முதல் கட்டமாக, காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை, மறுபடி இரண்டரையிலிருந்து ஐந்து வரை, 'அம்மா வேலை' என்று எழுதினேன். கையில் வேலையே இல்லாத நாளில் எழுதினேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்க வேண்டும் என்று, மறுநாள் காலை நைட் ஷிப்ட் முடித்து வந்து படுக்கப் போன அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காலை ஷிப்ட் இல்லாத வாரங்களில் தண்ணீர் பிடிப்பதும் பையனை வேன் ஏற்றுவதும் அவர் பெயரில் இருந்தன.

"வேலையே இல்ல, அதுக்கு எதுக்குக் கட்டம்?" என்றார்.

"வரும்" என்றேன்.

வந்தது. கான்ட்ராக்டரே வந்தார், இந்த முறை வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி. என் மூட்டைகளைப் புதிதாக யாருக்கோ கொடுத்து, பாதிக்கு மேல் ரிஜெக்ட் ஆகித் திரும்பிவிட்டதாம். "பழச மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் வாய் கடைசிவரை சொல்லவில்லை. நான் வாசற்படியிலேயே நின்று, ஒன்பதரைக்கு முன்னால் மூட்டை வரக் கூடாது, எப்போது முடியும் என்று நான்தான் சொல்வேன் என்றேன். "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார். அதில் பாதியைத்தான் கடைப்பிடித்தார்.

எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். "பெரிய ஆபீசுக்குப் போறா" என்று குழாயடியில் சொன்னாராம். ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினார், சாவி இல்லாமல். என் கணவர் முதல் வாரம் இரண்டு முறை வேனைத் தவறவிட்டார். பையனை சைக்கிளில் வைத்து ஓட்டிப்போய் விட்டு வந்தார். நான் எழுந்து ஓடவில்லை. கை பரபரத்தது, ஆனால் உட்கார்ந்தே இருந்தேன்.

அடுத்த வருஷமும் ஃபேமிலி டே வந்தது. அந்த ஃபாரத்தில் என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அன்று வேலை இருந்தது, அவரே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்.