சிப்பித்தூள் கலந்தது நான்தான்

என் மச்சானின் கோழிக்குஞ்சுகளை முடமாக்கியது நான்தான். நோயுமில்லை, கண்ணூறுமில்லை... நான்!

கேளுங்கள். கல்முனைக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை இடித்துத் தூளாக்கி, முட்டையிடும் என் கோழிகளுக்குப் போட்டேன். தொட்டாலே நொறுங்கிய முட்டையோடுகள் சில வாரங்களில் கெட்டியாகிவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை! பெரிய கோழிக்கே இப்படியென்றால், எலும்பு வளரும் குஞ்சுக்கு எவ்வளவு நல்லது!

அடுத்த வீட்டு வளவு என் ராத்தாவுடையது. கூடப்பிறந்த அக்காவான அவளுடைய கணவர்தான் மச்சான். முதுகுவலியால் கடலுக்குப் போவதை விட்டபின், இருபது குஞ்சுகளே அவருக்கு உலகம். தூளைப் பற்றி ஓடிப்போய்ச் சொன்னேன்.

"குஞ்சுத் தீன்ல எல்லாம் கிடக்கு புள்ள. வேற ஒண்டும் வேணாம்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம் பார்த்து, தினமும் கைநிறைய அள்ளித் தீனில் கலந்தேன். குஞ்சுகள் கொழுத்து நிற்கும்போது உண்மையைச் சொல்லி அவரை அசத்த வேண்டும் என்று எத்தனை ஆசை எனக்கு!

மூன்றாம் வாரம் கால்கள் வளைந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் செத்தன... மச்சானே குழி தோண்டிப் புதைத்தார்.

யாருடைய குஞ்சென்று சொல்லாமல், கால்நடை வைத்தியரிடம் விசாரித்தேன். வளரும் உயிருக்குக் கல்சியம் மிஞ்சினால், அது குடலிலேயே பொசுபரசைக் கட்டிப்போட்டுவிடுமாம். துத்தநாகமும் உடம்பில் சரியாகச் சேராதாம். எலும்புக்கென்று கொடுத்ததே எலும்பைக் கெடுக்குமாம்!

என்ன அதிசயம்! வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், செய்த பாவத்தை மறந்து அந்த அறிவில் துள்ளினேன். தெருப் பெண்கள் எல்லோருக்கும் விளக்கினேன். இப்போது குஞ்சு வளர்க்கிறவர்கள் என்னிடந்தான் யோசனை கேட்கிறார்கள்... ஒரு வீட்டில் மட்டும் நான் வாய் திறக்கவில்லை. அவர் வேண்டாமென்றதைக் களவாகச் செய்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

போன வெள்ளிக்கிழமை மச்சான் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே பத்துக் குஞ்சுகள்.

"என்ட கைக்கு ராசியில்ல புள்ள. நான் தொட்டா இதுகளும் போயிரும். நீயே வளத்துத் தா."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது! நீங்களாயிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

"ஓம் மச்சான்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

நன்றாக வளர்கின்றன. தினமும் வந்து பார்க்கிறார். இன்று காலை ஒரு குஞ்சைத் தூக்கி அவரிடம் நீட்டினேன். சிரித்தபடியே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.