ஒளித்து வைத்த கைப்பேசி

போர்முனைக்குப் போன மறுநாளே ரூபேந்திரன் முதல் சாவைப் பார்த்தான். தண்ணீர் எடுக்கப் போன நேப்பாளி ஒருவர் இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் கலன்களோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். வானத்தில் கொசு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம். அவர் அண்ணாந்து பார்த்தார். ட்ரோன் நேராக வந்து அவர் மார்பில் மோதி வெடித்தது. புகை விலகியபோது இடுப்புக்கு மேலே அவரில் எதுவும் மிச்சமில்லை. கலன்களில் ஒன்று மட்டும் உடையாமல் கிடந்தது. பதுங்கியிருந்தவர்களில் ஒருவன் ஊர்ந்து போய் அதை இழுத்து வந்தான். அன்று முழுக்க எல்லோரும் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். ரூபேந்திரனும் குடித்தான்.

சாயங்காலம் கைப்பேசியில் மனைவி ஷாமளாவிடம், "நல்ல குளிரு ஷாமி. மத்தபடி ஒன்னுமில்ல. ஸ்டோர்ல சாமான ஏத்தறோம், எறக்கறோம். அவ்ளோதான் வேலை," என்றான்.

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டத்துப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டியவன் அவன். பிறகு சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் ஓட்டினான். மேற்பார்வையாளர் ஒருவன் அப்பாவை இழுத்துத் திட்டியதற்கு அவன் மூக்கை உடைத்தான், வேலை பெர்மிட் போனது. ஊருக்குத் திரும்பி, கிடைத்த வேலைக்கெல்லாம் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் ஸ்கூடாயில் ஏஜென்சி நடத்திய ஜீவன் என்பவன் ஆள் தேடிக்கொண்டிருந்தான். ரஷ்யாவில் கிடங்கு வேலை, லோரி ஓட்டத் தெரிந்தால் போதும் என்றான். ஷாமளாவுக்கு மனமில்லை. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை இருந்தது. மகள் லோஷினிக்கு ஏழு வயது. "இங்கயே எதாச்சும் பாப்போங்க," என்றாள். அவன் கேட்கவில்லை.

போய் இறங்கியதும் புரியாத மொழியில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டான். அடுத்த நாள் பச்சை உடுப்பும் துப்பாக்கியும் கொடுத்தார்கள். நான் டிரைவர் என்று ஆங்கிலத்தில் கத்தினான். சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவன் விலாவில் இடித்தான். உக்ரேனுக்குள், குண்டு விழுந்து பாதி சரிந்த ஒரு வீட்டின் நிலவறையில் அவனைக் கொண்டுபோய் விட்டபோது, சுவாசித்தால் அந்த விலா இன்னும் வலித்தது.

முகாமில் கைப்பேசிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். ரூபேந்திரன் நல்லதைக் கொடுத்துவிட்டு, பழைய சின்னக் கைப்பேசியைக் காலுறைக்குள் ஒளித்துக்கொண்டான். நிலவறைப் படிக்கட்டின் மேல் படியில் உட்கார்ந்தால் அலைவரிசை கிடைக்கும்.

அந்த நிலவறையில் அவனோடு தமிழ் பேச ஒருவன் இருந்தான். பெயர் கஜீபன். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் பரந்தன். ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஒருவன் அவனை இங்கே கொண்டுவந்து தள்ளியிருந்தான். ரூபேந்திரன் பேசிவிட்டுப் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்த முதல் நாளே அவன் கைப்பேசியைப் பார்த்துவிட்டான்.

"அண்ணை, உந்தப் போனை நிப்பாட்டிப்போட்டு வையுங்கோ. சிக்னலைப் பிடிச்சு இடத்தைக் கண்டுபிடிச்சிடுவாங்கள். பிறகு செல் குண்டு அடிப்பாங்கள்."

"ரெண்டு நிமிஷம்தான்டா பேசனேன்."

"ரெண்டு நிமிசமே காணும் அண்ணை, அவங்களுக்கு. பத்து வயசில பங்கருக்குள்ள இருந்து வந்தனான். எனக்குத் தெரியும்."

அவன் சொன்னது ரூபேந்திரனுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நான்கைந்து நாளுக்கு ஒரு தரமாவது படியேறினான். லோஷினி பல் விழுந்த கதையைச் சொல்வாள். ஷாமளா கேள்வி மேல் கேள்வி கேட்பாள்.

"என்னங்க அது சத்தம்? இடி மாரி கேக்குது?"

"ஜெனரேட்டர் லா."

"பொய் சொல்லாதீங்க. நானும் டிவி பாக்கறேன். உங்களுக்கு ஒன்னு ஆனா, அத நீங்களே சொல்லி நான் கேக்கணும். ஊர்க்காரன் சொல்லி நான் கேக்கக் கூடாது."

அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை. நேப்பாளி செத்ததைச் சொன்னான். ஷாமளா, "எப்படியாச்சும் ஓடி வந்துருங்க," என்றாள்.

கைப்பேசி ரகசியம் மற்றவர்களுக்கும் தெரிந்தது. நிலவறையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் வேறு வேறு நாடு. ஒருவன் கும்பிட்டுக் கேட்டான். ஒருவன் அழுதான். ரூபேந்திரனால் மறுக்க முடியவில்லை. ஒரு பகல் பொழுதில் எல்லோரும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டுக்குப் பேசினார்கள். கஜீபன் மட்டும் கீழே, மூலையில் இருந்தான். கடைசி ஆள் பேசி முடித்ததும் அவனும் எழுந்து வந்தான்.

"ஒருக்கால் தாங்கோ அண்ணை. அம்மாவோட மூண்டு மாசம் கதைக்கேல்லை."

ரூபேந்திரன் கொடுத்தான். "அம்மா, நான்தான்," என்று கஜீபன் தொடங்கியபோது ரூபேந்திரன் மற்றவர்களுக்குத் தேநீர் வைக்கக் கீழே இறங்கினான். அதனால் பிழைத்தான்.

முதல் குண்டு முற்றத்தில் விழுந்தது. இரண்டாவது படிக்கட்டிலேயே விழுந்தது. ரூபேந்திரன் சுவரில் போய் மோதினான். காதுக்குள் ஒரே ஊளை. மேலே இருந்த கூரை, கல், மனிதர்கள் எல்லாம் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. கையால் கல்லைத் தோண்டினான். முதலில் கிடைத்தது ஒரு கால். யாருடையது என்று தெரியவில்லை. அடுத்து ஒரு முகம்; தாடை இல்லை. கஜீபனைக் கடைசியாகத்தான் கண்டான். வயிற்றில் பெரிய ஓட்டை. கண்கள் திறந்திருந்தன. ரூபேந்திரன் இரண்டு கைகளையும் ஓட்டையில் வைத்து அழுத்தினான். சூடான ரத்தம் விரல்களுக்கிடையில் பொங்கி வந்தது. "டேய், பாருடா, என்னப் பாருடா," என்று கத்தினான். கஜீபன் எதையும் பார்க்கவில்லை.

அவன் கையில் இருந்த கைப்பேசி உடையவில்லை. அது ஒலித்தது.

ரூபேந்திரன் ரத்தக் கையோடு அதை எடுத்தான்.

"தம்பி, லைன் வெட்டுப்பட்டுட்டுது. கேக்குதோ? தம்பி?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. "தம்பி? ஆர் அது?" என்று அந்தக் குரல் மறுபடி கேட்டது. அவன் கைப்பேசியைக் கல்லில் வைத்து, துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். தூள் தூளாகும்வரை அடித்தான். அதன் பிறகுதான் ஷாமளாவின் எண்ணும் அதோடு போய்விட்டது உறைத்தது. அவளுடைய எண் அவனுக்கு மனப்பாடம் இல்லை.

கமாண்டர் வந்து நொறுங்கிய கைப்பேசியைக் கண்டான். ரூபேந்திரனின் காலணிகளைக் கழற்றி, அவனைப் பனியில் ஒரு மரத்தோடு கட்டிப்போட்டான். தலைக்கு மேலே ட்ரோன்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒன்றும் அவன்மேல் விழவில்லை. விழுந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். மறுநாள் அவிழ்த்து, தாக்குதலில் முன்வரிசையில் அனுப்பினார்கள். பின்னால் திரும்பினால் நாங்களே சுடுவோம் என்றார்கள்.

எதிரிகளின் அகழியை அடையும் முன்பே அவனோடு ஓடியவர்களில் பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள். அவன் அகழிக்குள் குதித்தான். ஒரு திருப்பத்தில் எதிரே ஒரு மனிதன் வந்தான். நரைத்த தாடி. கைக்கு எட்டும் தூரம். இருவருமே திடுக்கிட்டார்கள். ரூபேந்திரனின் விரல் முந்திக்கொண்டது. அந்த மனிதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உடனே சாகவில்லை. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அதற்கு என்ன அர்த்தம் என்று ரூபேந்திரனுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து தன் தண்ணீர்க் குடுவையை அவன் வாயில் வைத்தான். தண்ணீர் தாடியில் வழிந்தது. அந்த மனிதன் அவன் சட்டையைப் பிடித்த பிடியை விடாமலே செத்துப்போனான்.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு கையெறி குண்டு விழுந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. எதிர்ப்படையினர் திருப்பத்தில் வந்தபோது, அவன் துப்பாக்கியை எறிந்துவிட்டு ரத்தம் ஒழுகும் கையையும் நல்ல கையையும் சேர்த்துத் தூக்கினான்.

ஊரில் ஷாமளா அனுப்பிய செய்திகள் எதுவும் அவனைப் போய்ச் சேரவில்லை. வாரங்கள் மாதங்களாயின. போலீஸில் புகார் கொடுத்தாள். அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போய் வந்தாள். அக்கம்பக்கத்தில் சிலர் அவள் காதுபடவே தாலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை அவள் ரூபேந்திரனின் அக்கா சந்திரமதியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஸ்கூடாய்க்குப் போனாள். மூடிக் கிடந்த ஏஜென்சி அன்று திறந்திருந்தது. ஜீவன் பெட்டிகளில் சாமான் கட்டிக்கொண்டிருந்தான்.

"என் புருஷன் எங்க?"

"சிஸ்டர், அவரே பாத்துதான் சைன் வெச்சாரு. அங்க என்னா நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அனுப்பனது நீதான?"

ஜீவன் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, "இவ்ளோ நாளா போன் இல்லன்னா என்னான்னு உங்களுக்கே தெரியும் லா. ஒரு கருமாதி செஞ்சிட்டீங்கன்னா மனசுக்கு ஆறுதலா இருக்கும்," என்றான்.

ஷாமளாவின் கையில் ஹெல்மெட் இருந்தது. அதை அப்படியே அவன் வாயில் வீசி அடித்தாள். பல் உடைந்த சத்தம் கேட்டது. அவன் மேசையில் சாய்ந்து தரையில் விழுந்தான். சந்திரமதி திரும்பி, கடையின் இரும்புக் கதவைக் கீழே இழுத்துவிட்டாள். இருவரும் அவனை அடித்தார்கள். நாற்காலியால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள். கண்ணாடி அலமாரி நொறுங்கி விழுந்தது. ஷாமளாவின் முழங்கையிலும் ரத்தம். பக்கத்துக் கடைக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே வந்தபோது ஜீவன் மேசைக்கடியில் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தான். சந்திரமதி நாற்காலியைக் கீழே வைத்தாள். ஷாமளா ஹெல்மெட்டை வைக்கவில்லை; நான்கு பேர் சேர்ந்து பிடுங்க வேண்டியிருந்தது.

இருவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வழக்கு வந்தது, தண்டம் கட்டினார்கள். ஜீவன்மீதும் விசாரணை தொடங்கியது. தமிழ்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. காரணம் கேட்டு எழுதிய நிருபர் ரூபேந்திரனின் படத்தையும் போட்டிருந்தார். அதைப் பார்த்த பொந்தியான் ஊர்க்காரர் ஒருவர் ஷாமளாவுக்கு ஒரு காணொளியை அனுப்பினார். போர்க் கைதிகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும் காணொளி. மூன்றாவது ஆள், இடது கையில் கட்டோடு, எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தான். பெயரைச் சொல்லி, "மலேசியா. ஜோகூர்," என்றான்.

ஷாமளா தொழிற்சாலைக் கழிப்பறைக்குள் போய், வாயில் துண்டை அடைத்துக்கொண்டு கத்தினாள்.

அதன் பிறகு செஞ்சிலுவைக்காரர்கள் மூலம் ஓர் அழைப்புக்கு ஏற்பாடானது. காவலருக்குப் புரிய வேண்டும், ஆங்கிலத்தில் மட்டுமே பேசலாம் என்றார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆங்கிலத்தில் பேசியதே இல்லை.

"யூ ஈட் ஆல்ரெடி?" என்றாள்.

"ஈட் ஆல்ரெடி."

அவன் அழுதான். அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. பிறகு உடைந்த ஆங்கிலத்தில் கஜீபனைப் பற்றிச் சொன்னான். பரந்தனில் அவன் அம்மா இருக்கிறார், அவரைத் தேடிப் பிடித்துச் சொல், இதை நீதான் செய்ய வேண்டும் என்றான்.

போரில் காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களின் முகநூல் குழு ஒன்றில் ஷாமளா ஏற்கெனவே இருந்தாள். அங்கே கஜீபனின் பெயரையும் ஊரையும் வைத்துத் தேடி, அவன் அம்மா தவமணியின் எண்ணை வாங்கினாள். எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அண்டைக்குப் போனை எடுத்தது உம்மடை மனுசனோ?" என்று மட்டும் தவமணி கேட்டார்.

"ஆமாம்மா."

"மூச்சுக் கேட்டது. பேசேல்லை. அப்பவே எனக்கு விளங்கிட்டுது." தொடர்ந்து, "போன் எடுக்கமாட்டன், ஆபத்து எண்டு சொல்லிப்போட்டுப் போன பிள்ளை. உம்மடை மனுசன் குடுத்திருக்காட்டி இருந்திருப்பான்," என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு ஷாமளா எத்தனையோ முறை முயன்றும் அவர் எடுக்கவில்லை.

அடுத்த அழைப்பில் ரூபேந்திரன் முதலில் அதைத்தான் கேட்டான். மாற்றிச் சொல்லலாமா என்று ஷாமளாவுக்கு ஒரு கணம் தோன்றியது. உள்ளதையே சொன்னாள். "ஷீ ஆங்ரி. ஷீ சே, பிகாஸ் யுவர் ஃபோன்."

"கரெக்ட்," என்றான் அவன்.

அரசாங்கங்கள் பேசின. யார் யாரோடு பேசினார்கள் என்பது ஷாமளாவுக்கு முழுதாகத் தெரியவில்லை. அடுத்த வருடம் அவனை விட்டார்கள். செனாய் விமான நிலையத்தில் லோஷினி அவனுடைய கையைப் பார்த்துவிட்டு அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து, உறவினர்கள் போனதும், ஷாமளா கதவைச் சாத்தினாள். அவன் மார்பில் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். "போகாதீங்கன்னு சொன்னேன்ல! சொன்னேன்ல!" அவன் தடுக்கவில்லை. அவள் ஓய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்தான். சன்னல் வழியாக மத்தியான வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. காவலரின் முன்னால் சொல்ல முடியாதவற்றையெல்லாம் அவன் தமிழில் சொல்லத் தொடங்கினான். மரத்தில் கட்டியது, அகழி, நரைத்த தாடிக்காரன் தன் சட்டையைப் பிடித்த பிடி.

ஷாமளா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்தாளுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருந்துச்சா?"

"தெரியல ஷாமி."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை ஷிஃப்டுக்கான தொழிற்சாலைப் பேருந்து வரும் நேரமாகிவிட்டிருந்தது. எழுந்து, சீருடையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.