நாற்பத்தொரு குடும்பங்களை நீக்கிய நாள்

தெல்தோட்டைப் பக்கம் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலின் பதிவேடுகளை நான்தான் கணினியில் ஏற்றினேன். கண்டியில் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் தொழில். கோயில் வேலை சனிக்கிழமைகளில். ஓர் அட்டவணையில் குடும்பங்கள், இன்னொன்றில் அடக்கங்கள். ஒவ்வொரு அடக்கத்தையும் அதன் குடும்பத்தோடு இணைத்தேன். குடும்பத்தை நீக்கினால் அதைச் சேர்ந்தவையும் தாமாக நீங்கும்படி விதி வைத்தேன். எந்தக் குடும்பத்தோடும் சேராத அநாதை வரிகள் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒழுங்கு. பழைய அடக்கப் புத்தகத்தைக் கறையான் பாதி தின்றிருந்தது. எல்லா வரிகளையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, எரித்துவிடலாம் என்று சொன்னவனும் நான்தான்.

அந்தப் புத்தகத்தில் அக்காவின் மகளும் இருந்தாள். பிறந்த பதினோராம் நாள் இறந்த குழந்தை. பிள்ளை பெற்ற தாயை அந்த நாட்களில் மயானத்துக்குக் கூட்டிப்போவதில்லை. அத்தான்தான் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்து, மரச்சிலுவை ஒன்றை நட்டார். அந்தச் சிலுவையை வைத்துத்தான் அக்காவுக்கு இடம் தெரியும். பிறகு அவர்கள் நீர்கொழும்புக்குக் குடிபோனார்கள். அத்தானும் இப்போது இல்லை.

இந்த வருட மழையில் மயானச் சரிவின் மேல்மண் வழுக்கி, குழந்தைகள் வரிசையில் இருந்த சிலுவைகள் எல்லாம் போயின. கணினியில் உள்ள கல்லறை இலக்கப்படி சிமெந்துக் கட்டைகள் நடக் கோயிலில் தீர்மானித்தார்கள். அக்கா தொலைபேசியில் கேட்டாள்.

"தம்பி, நம்ம பாப்பா நம்பர் ஒங்கிட்ட இருக்குல்ல?"

"இல்லாம எங்க போகும்?"

"அதான பாத்தேன். கோழி முட்டைக்கே தேதி எழுதி வச்சவனாச்சே நீ" என்று சிரித்தாள்.

அன்று மாலை தேடினேன். அக்காவின் குடும்பமும் இல்லை, குழந்தையும் இல்லை.

பதினொரு மாதங்களுக்கு முன் கோயில் செயலாளர் அம்மா என்னிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். "சேர், ஊர விட்டுப் போனவங்க பேரெல்லாம் திருநாள் லிஸ்ட்ல வருதுங்க. எடுத்துடுங்களேன்." முன்பெல்லாம் ஒரு குடும்பம் போய்விட்டால் அதன் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடக்கப் புத்தகம் வேறு, அதை யாரும் தொடுவதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டியது நான். 'குடிபெயர்ந்தவர்கள்' என்ற நிபந்தனையோடு ஒரே கட்டளை கொடுத்தேன். நாற்பத்தொரு வரிகள் நீங்கியதாகத் திரை காட்டியது. செயலாளர் எண்ணி வைத்திருந்த அட்டைகளும் நாற்பத்தொன்று. கணக்குச் சரி என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டு பஸ் ஏறினேன். கூடவே போன அடக்கங்களை அந்த எண்ணிக்கை காட்டாது. இது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

காப்புப் பிரதிகள் இருந்தன, ஆனால் முப்பது நாட்களுக்கு மட்டும். அலுவலகத்தில் மாதப் பிரதி, வருடப் பிரதி எல்லாம் தனியாக வைக்கிறேன். கோயில் கணினியில் இடம் குறைவு, அங்கே என்ன பெரிதாக மாறப்போகிறது என்று விட்டிருந்தேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல முடியும்: ஒரு தவறு நடந்து எத்தனை நாள் கழித்துக் கண்ணில் படும் என்பதைக் கேட்டுவிட்டுப் பிரதிகளின் ஆயுளை முடிவுசெய்யுங்கள். மயானத்துக்கு ஆட்கள் வருடத்தில் ஒருமுறைதான் வருகிறார்கள். குடும்பத்தோடு அடக்கமும் நீங்கும் அந்த விதியை இப்போது மாற்றிவிட்டேன். அடக்கம் உள்ள குடும்பத்தை யாராலும் நீக்க முடியாது. அச்சிட்ட படி ஒன்று அலுமாரியில் இருக்கிறது. அதில் அக்காவின் மகள் இல்லை.

அக்காவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அக்கா வந்தாள். குழந்தைகள் வரிசையில் கட்டைகள் நட்டிருந்தார்கள். பதிவு அழிந்துபோன ஒன்பது இடங்களில் கட்டை இல்லை.

"இதுல எது?"

"தெரியலக்கா. ஒம்போதுல ஒன்னு."

அவள் ஒன்பது இடங்களிலும் மெழுகுதிரி ஏற்றினாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கட்டையருகிலும் ஒரு குடும்பம் நின்றது. அக்கா மட்டும் நடைபாதையில் நின்றாள்.

"ஒங்க பிள்ள எதும்மா?" என்று ஃபாதர் கேட்டார்.

"எங்க தெளிச்சாலும் சரிங்க ஃபாதர்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கலஹாவைத் தாண்டியதும் கேட்டாள்.

"நீ அழிச்சதுல எங்க பேரும் வந்துச்சா?"

"வந்திருக்கும்."

"வந்திருக்கும்னா? அழிக்கிறதுக்கு முன்னாடி பேர வாசிக்கலயா நீ?"

"எண்ணிக்கைய மட்டுந்தான் பாத்தேன்."

அவள் கைப்பையை மடியிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். கண்டி வரும்வரை அது அங்கேயே இருந்தது.