கழுவிய சட்டி

செகொந்தோ முப்பத்து நான்கு வருஷம் சாலையைச் சுத்தமாக வைத்திருந்தார். ஆற்றுப் பாலத்திலிருந்து மேலே தேவாலயம் வரை பதினோரு கிலோமீட்டர். மழைக்கு முன்னால் ஓரத்துக் கால்வாய்களைத் தூர் வாருவார். கோடையில் புல் அறுப்பார். பனி விழுந்தால் விடிவதற்குள் தள்ளிவிடுவார். அவருடைய பதினோரு கிலோமீட்டரில் காய்ந்த இலைகூடப் பயந்துகொண்டுதான் விழும் என்று ஊரில் கேலி செய்தார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை. வேலையை விட்டு ஒன்பது வருஷமான பிறகும் நடக்கப் போனால் கையில் ஒரு சாக்குப்பை இருக்கும்.

வீட்டுக்குள் அவருக்கு அந்த அளவு செல்வாக்கு கிடையாது. அடுப்படி ஃபினாவுடையது. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அங்கே அவருக்கு இரண்டே வேலைகள்தான். ஒன்று பாத்திரம் கழுவுவது. இன்னொன்று வருஷத்துக்கு ஒரு தடவை வரும். கிறிஸ்துமஸுக்கு வாட்டிய சேவலில் மிஞ்சியதை மறுநாள் காலையில் ஃபினா எலும்பிலிருந்து உரித்துக் கொடுப்பாள். மேசை விளிம்பில் திருகி வைத்த அரைவை இயந்திரத்தின் கைப்பிடியை அவர் சுற்ற வேண்டும். அரைத்ததை அவள் எடுத்துக்கொண்டு போவாள். அதற்கு மேல் அவர் எட்டிப் பார்த்ததில்லை. மெல்லிசாகத் தேய்த்த மாவில் பூரணத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்து, மடித்து, இடையிடையே விரலால் கிள்ளி, பல் சக்கரத்தால் வெட்டினால் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னத் தலையணைகள் விழும். அந்த மலைப்பக்கத்தில் அதற்குக் கிள்ளு என்றே பெயர். வேகும்போது வாய் பிளந்த கிள்ளுகளை ஃபினா தனியாக எடுத்து அவர் தட்டில் போடுவாள். கைப்பிடி சுற்றியதற்குக் கூலி என்பாள். பிளந்ததுதான் தனக்குப் பிடிக்கும் என்று முதல் வருஷம் அவர் ஒரு பொய் சொல்லியிருந்தார். பிறகு அது உண்மையாகிவிட்டது.

செப்டம்பரில், திராட்சை அறுப்பின் மூன்றாம் நாள், கூடையோடு கொடி வரிசைக்கு நடுவில் உட்கார்ந்த ஃபினா எழுந்திருக்கவில்லை. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. ஆமா. தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. வலிக்கிறதா, வலிக்கவில்லையா, இரண்டுக்கும் ஆமா. அவளுக்கு எல்லாம் புரிகிறது, வேறு சொல் வெளியே வரவில்லை, அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான் என்பதைச் செகொந்தோ பல நாள் யோசித்தார்.

நவம்பரில் குளியலறையில் அவளைத் தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் தரையில் விழுந்தார்கள். முட்டை கொடுக்க வந்த பக்கத்து வீட்டு பெர்தா கதவைத் தள்ளிப் பார்க்கும்வரை இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தார்கள். செய்தி டூரின் நகரத்தில் இருக்கும் ஃபினாவின் அக்கா எர்மினியாவுக்குப் போயிற்று. அவள் வீட்டுத் தெருவிலேயே ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அதில் ஒரு படுக்கைக்குச் சொல்லி வைத்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வழக்கம்போல சாப்பிட வர்றேன். வீடு எப்படி நடக்குதுன்னு என் கண்ணால பாக்குறேன். நடந்தா அவ அங்கயே இருக்கட்டும். இல்லேன்னா என்கூட வரட்டும்."

"நடக்குது, எர்மினியா."

"பாக்குறேன்னு சொன்னேன்."

எல்லா வருஷமும் போல இந்த வருஷமும் கிள்ளு செய்துவிட்டால் வீடு நடப்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை என்று அவர் நினைத்தார். பெர்தா வளர்த்த காயடித்த சேவலை வாங்கினார். கிறிஸ்துமஸ் காலையில் பெர்தா சொன்னபடியே பூண்டும் வெண்ணெயும் ரோஸ்மேரிக் கொத்தும் போட்டு இரும்புச் சட்டியில் வாட்டினார். கருகவில்லை. ஒரு தொடையை ஃபினாவுக்குப் பொடியாக நறுக்கி ஊட்டினார். இன்னொன்றை அவர் தின்றார். முக்கால் சேவல் மிஞ்சியது. அதைத் துணி போட்டு மூடிக் குளிர்ந்த அறையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

சட்டியைக் கையில் எடுத்தபோது ஃபினா "ஆமா" என்றாள்.

"ஆமாடி, இதையும் கழுவிட்டாப் போச்சு."

"ஆமா! ஆமா!" இடது கையால் மேசையைத் தட்டினாள்.

"இரு, இரு. உங்கக்கா மூஞ்சி தெரியற மாதிரி தேய்ச்சு வைக்கிறேன். அவ மூக்கை விட்டு மோந்து பாப்பால்ல."

அடியில் பழுப்பாகக் கட்டியிருந்ததைச் சுரண்டித் தொட்டியில் கொட்டினார். கொதிநீர் ஊற்றினார். சாம்பலும் இரும்பு நாரும் போட்டுத் தேய்த்தார். பின்னால் அவள் ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் ஏறியது, பிறகு இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தாள். இப்படி ஒரு கிறிஸ்துமஸ் வந்துவிட்டதே என்று அழுகிறாள் என்று நினைத்தார். ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்தார். சட்டியை ஆணியில் மாட்டினார். வெள்ளி மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஃபினாவின் நாற்காலியை மேசையோரம் தள்ளி வைத்தார். அவளுடைய முன்கட்டுத் துணியைக் கட்டிக்கொண்டார். கறியை உரித்து அரைத்தார். அதுவரை அவருக்குத் தெரிந்த வேலை.

"இதுகூட என்ன போடுவ? முட்டைக்கோசா?"

"ஆமா."

"கீரையா?"

"ஆமா."

"ரெண்டுமா?"

"ஆமா."

"ஒண்ணுமே போட மாட்டியா?"

"ஆமா" என்றாள் ஃபினா. கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டு மணிக்கு பெர்தா வந்தாள். அவள் வீட்டிலும் பத்துப் பேர் விருந்து. அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தாள். வேகவைத்துப் பிழிந்த முட்டைக்கோசு இலைகளைக் கையோடு கொண்டு வந்து அரைத்த கறியில் போட்டாள். சீஸைத் துருவினாள், முட்டைகளை உடைத்து ஊற்றினாள், ஜாதிக்காயை இழைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"சாறு குடு."

"எந்தச் சாறு?"

"என்னப்பா எந்தச் சாறு? நேத்து வாட்டினியே, சட்டி அடியில நின்னுருக்குமே, அது. அது இல்லாம இது மரத்தூளு."

செகொந்தோவின் கண் சுவருக்குப் போயிற்று. பெர்தாவும் சுவரைப் பார்த்தாள். ஆணியில் சட்டி மின்னியது.

"கழுவிட்டியா?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"அட கடவுளே. கிறிஸ்துமஸன்னிக்கு வாட்டின சட்டிய எந்த மடையன்யா கழுவுவான்? உன் ரோடுன்னு நெனச்சியா அத?"

அவர் ஃபினாவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். நேற்று அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எத்தனை தடவை சொன்னாள் என்பதும் நினைவுக்கு வந்தது.

"சொன்னியே" என்றார்.

"ஆமா."

பெர்தா வெண்ணெயை உருக்கி ஊற்றிப் பிசைந்தாள். ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒண்ணு பண்ணு. கிண்ணத்துல செவப்பு ஒயின ஊத்தி அதுல போட்டுக் குடுத்துரு. ஒயின் எல்லாத்தையும் மூடிரும்."

"எர்மினியா துணியிலதான் திம்பா."

பெர்தாவுக்கும் அது தெரியும். ஃபினாவின் பிறந்த வீட்டு வழக்கம் அது. வெந்த கிள்ளுகளை வெள்ளைத் துணியில் கொட்டி, நாலு மூலையையும் மடித்துச் சுடச்சுட மேசையில் வைப்பார்கள். வெண்ணெயோ குழம்போ மேலே எதுவும் விழக் கூடாது. உள்ளே இருப்பது நாக்கில் நேராகத் தெரிய வேண்டும். உள்ளே நன்றாக இருந்தால் அதைவிட மேலான சாப்பாடு இல்லை. இல்லையென்றால் ஒளிவதற்கு இடமில்லை.

"அப்ப சாமி விட்ட வழி" என்று சொல்லிவிட்டு பெர்தா தன் விருந்தாளிகளிடம் போனாள். போகிற அவசரத்தில் கொஞ்சம் மாவைத் தேய்த்து இரண்டு வரிசை மடித்துக் கிள்ளிக் காட்டியிருந்தாள்.

செகொந்தோவின் விரல்கள் மண்வெட்டிப் பிடியில் வளர்ந்தவை. மீதி மாவை மெல்லிசாகத் தேய்ப்பதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது. கிள்ளினால் மாவு அறுந்தது. மெதுவாகக் கிள்ளினால் ஒட்டவில்லை. தண்ணீர் தொட்டுக் கிள்ளினால் பிசுபிசுத்தது. நாற்பது செய்து பார்த்தபோது பாதி வாயைத் திறந்துகொண்டிருந்தன. அவருக்கு ஒரு யோசனை வந்தது. மாவுப் பட்டையைப் பூரணத்தோடு மடித்து ஃபினாவின் இடது கைக்கு முன்னால் வைத்தார்.

"நீ கிள்ளு. ஒண்ணு. எனக்காக."

அவள் மாவைப் பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொண்டு வந்தாள். கிள்ளினாள். அது வேறு கை. மாவு கோணலாகக் கிழிந்து பூரணம் பிதுங்கியது. இன்னொன்று கிள்ளினாள். அதுவும் கிழிந்தது. கையை எடுத்து மடியில் செத்துக் கிடந்த வலது கையின் மேல் வைத்துக்கொண்டாள். அவர் பட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதினொன்றரை மணி வரை அவரே கிள்ளினார்.

எர்மினியா பன்னிரண்டு மணிக்கு வந்தாள். எழுபத்து நான்கு வயது. படியேறிய மூச்சு அடங்குவதற்குள் தங்கையின் நகங்களைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். காலுறையைக் கழற்றிக் குதிகாலைப் பார்த்தாள். எங்கேயும் புண் இல்லை, அழுக்கு இல்லை.

"தொடச்சு வச்ச விளக்கு மாதிரி வச்சிருக்க" என்றாள். அதைச் சொல்லவேண்டி வந்ததில் அவளுக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரிந்தது.

"சொன்னேன்ல."

"ஆஸ்பத்திரி கூட இப்படி இருக்காது. ஃபினா, கண்ணு, இவரு உன்னையும் வாரத்துக்கொரு தடவ சாம்பல் போட்டுத் தேய்க்கிறாரா?"

"ஆமா" என்றாள் ஃபினா. அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். ஃபினாவின் சிரிப்பு ஒரு பக்கமாக வந்தது. செகொந்தோவும் சிரித்தார். ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது.

கொதித்த தண்ணீரில் கிள்ளுகளைப் போட்டார். வாய் பிளந்ததையும் பிளக்காததையும் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. மொத்தமாக வடித்து வெள்ளைத் துணியில் கொட்டி, நாலு மூலையையும் மடித்து மேசை நடுவில் வைத்தார். ஆவி வந்தது. மணம் வந்த மாதிரி அவருக்குத் தோன்றவில்லை.

எர்மினியா துணியைத் திறந்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். இன்னொன்று எடுத்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சட்டியக் கழுவிட்ட" என்றாள்.

"ஆமா, எர்மினியா."

"இவ உங்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா."

"என்னன்னு?"

"ஆமான்னா."

எர்மினியா ஆணியில் தொங்கிய சட்டியைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் கோபப்படவில்லை.

"பாரு செகொந்தோ. சட்டி போனாப் போகுது. நாளைக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுவா. நீ என்னன்னு நெனச்சுப்ப?"

"அது வேற."

"நவம்பர்ல ரெண்டு மணி நேரம் தரையில கெடந்தீங்க."

"ஒரு தடவதானே."

"அடுத்த தடவ முட்டை கொண்டு வர யாரும் இல்லேன்னா?"

அவர் துணியின் ஒரு மூலையை மடித்தார், பிரித்தார். "அவளையே கேளு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அது எவ்வளவு வீண் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் எர்மினியா நாற்காலியைத் திருப்பித் தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஃபினா, என்கூட வர்றியா? தெனமும் வந்து உன்ன பாப்பேன். சாயங்காலம் உக்காந்து சீட்டாடலாம்."

"ஆமா."

"இங்கயே இவருகூட இருக்கியா?"

"ஆமா."

எர்மினியா முதல் கேள்வியை வேறு மாதிரி கேட்டாள். பிறகு இரண்டாவதையும் வேறு மாதிரி கேட்டாள். குரலில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கடைசியில் எர்மினியா கையை விட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்குள் கண் நனைந்திருந்தது.

"நான் என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு."

நாளையிலிருந்து சட்டியைக் கழுவ மாட்டேன் என்று செகொந்தோ சொல்ல வந்தார். சொல்லவில்லை.

"மூணு ராஜா திருநாள் ஆறாம் தேதி வருது. அது கழியட்டும். ஏழாம் தேதி வண்டியோட வர்றேன். கம்பளித் துணியெல்லாம் மேல வச்சுக் கட்டு."

"சரி" என்றார் செகொந்தோ.

துணிக்குள் கிள்ளு ஆறத் தொடங்கியிருந்தது. யாரும் தொடவில்லை. ஃபினா இடது கையை மேசை மேல் வைத்தாள். மெதுவாக நகர்த்தித் துணிக்குள் விட்டாள். வாய் பிளந்த ஒன்றைத் தேடி எடுத்துச் செகொந்தோவின் தட்டில் வைத்தாள். இன்னொன்று எடுத்தாள். நல்லது ஒன்று கையில் வந்தபோது திரும்பப் போட்டுவிட்டு வேறு தேடினாள். ஒன்று வழியில் நழுவி மேசைவிரிப்பில் விழுந்தது. அதையும் எடுத்து வைத்தாள். பிளந்தவை நிறைய இருந்தன. நேரம் ஆயிற்று. எர்மினியா பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தட்டு குவிந்துவிட்டது, துணியில் சில நல்லவைதான் மிஞ்சின.

ஃபினா கையை எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

செகொந்தோ முட்கரண்டியை எடுத்தார். மரத்தூள் என்று பெர்தா சொன்னது சரிதான். ஒன்று விடாமல் தின்றார்.